கொம்பு

முதல் சந்திப்புக்கு மூன்று வரைவுகள் கொண்டுபோனேன்:
மூங்கில் தூரிகையில் கிறுக்கியதுபோல் எழுத்து,
ஒரு சிவப்பு வட்டம்,
குறுக்கே இரண்டு குச்சிகள்.
குயென் குச்சிகளைக் கட்டைவிரலால் மறைத்தாள்.
"இப்போ பாருங்க ஹென்ரிக்க, ஏதாவது மிச்சமிருக்கா?"
இல்லை.

லைப்சிக், ஐசன்பான் தெரு.
சாவிக்கடைக்கும் மணப்பெண் உடைக்கடைக்கும் இடுக்கில்
பதினெட்டு நாற்காலி போடலாம்.
முப்பது வருஷம் அது 'தங்க டிராகன்'.
ஹைஃபாங்கிலிருந்து நூற்பாலைக்கு வந்தவர் அவள் அப்பா,
ஆலை மூடிய குளிர்காலத்தில் ஒரு வாணலி வாங்கினார்.
தான் பிறந்த ஊரில் எவரும் தொடாத சீனச் சாப்பாட்டை
இந்த ஊர் கேட்ட அளவு இனிப்பாகச் செய்தார்.
பதார்த்தங்களுக்குப் பெயரில்லை, எண்தான்.
ஆட்களுக்கும் அப்படியே:
குயெனின் கணக்கு வாத்தியார்
நாற்பத்தேழு, வெங்காயம் வேண்டாம்.

இனி அவளும் கிதேயும் நடத்தப்போகிறார்கள்.
சுரங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்த
கொரியப் பெண்ணின் மகன் கிதே.
எலும்புச் சாற்றில் கிம்ச்சி போட்டு
மேலே வெண்ணெயைக் கருகவிடுகிறான்.
எந்த நாட்டுச் சமையல் என்றால்
"செவ்வாய்க்கிழமைச் சமையல்" என்கிறான்.

பெயரை ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்.
ஒரு வட்டம்,
அதன் தோளில் சின்னக் கொம்பு,
தலைக்கு மேல் வலப்பக்கம் சரியும் ஒரு கோடு.
"கரைன்னு அர்த்தம். ஆத்தங்கரை, கடற்கரை.
கோட்டை எடுத்தா வெண்ணெய்.
கொம்பை எடுத்தா மாடு."
கொம்பை எடுத்தாலா மாடு?
"ஆமா. கொம்புக்குப் பதில் குல்லா வெச்சு
கோட்டைத் திருப்பினா அப்பா.
எல்லாம் எடுத்துட்டுக் கொக்கி மாட்டினா, கைவிடு."
எதுவுமே போடாவிட்டால்?
தோளைக் குலுக்கினாள்.
"அது ஜெர்மன்."

எட்டிப் பார்த்த கிதே அதே ரசீதில் தன் எழுத்தை வரைந்தான்:
ஒற்றைக் காலில் நிற்கும் கூடை.
ஏறக்குறைய அதே ஒலி.
பொருள், மூட்டை கட்டும் துணி.
கல், கத்தரி, காகிதம் விளையாடும்போது
விரித்துக் காட்டும் கையும் அதுதானாம்.
அந்த ரசீதைக் கேட்டு வாங்கி வந்தேன்.

நான் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவில்
கொம்பே இல்லை.
தட்டினால் வெற்றுப் பெட்டி வந்தது.
பதினொரு இரவு அந்த ஒரு கொம்பை வரைந்தேன்.
தடித்தால் வால்,
மெலிந்தால் முடி,
நகர்த்தினால் ஈ.
நிறம் மட்டும் சீக்கிரம் கிடைத்தது,
காஸ் அடுப்புச் சுடரின் நீலம்.

பலகை செய்யும் ஷொக்கே தொலைபேசினார்.
"உங்க கோப்புல ரெண்டு இடத்துல
அழுக்கு ஒட்டியிருந்தது. நானே துடைச்சிட்டேன்.
அதுக்குத் தனியா காசு வேண்டாம்."

திறப்புவிழா ஆறு மணிக்கு.
நாலு மணிக்குக் கதவுக்கு மேலே
அறுபது சென்டிமீட்டர் உயரத்தில், பளிச்சென்று:
போ.

குயென் அழவில்லை, நாற்காலிகளை எண்ணினாள்.
கிதே ரம்பத்தோடு கொல்லைக்குப் போனான்.
குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் பழைய பலகை,
அதில் டிராகன், அதற்கு இரண்டு கொம்பு.
ஒன்றை அறுத்து வந்து
வட்டத்தின் தோளில் திருகாணி போட்டு இறுக்கினான்.

ஐந்தரைக்கு டை கட்டிக்கொண்டு வந்த அப்பா
டிராம் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து
நிமிர்ந்து படித்தார்.
படித்துவிட்டு
விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"வெண்ணெய்க் கடையா?"

மறுபடி ஏணி.
இந்த முறை ஒரு நகம்.

நாற்பது பக்கக் கையேடு எழுதியவள் நான்:
இடைவெளி, விகிதம், இந்த நீலத்தோடு
தங்க நிறம் கூடவே கூடாது என்று தடித்த எழுத்தில்.
தெருவில் நின்று பார்த்தேன்.
செதில் உரிந்த கொம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
அசிங்கம்தான்.
கண்ணை எடுக்க முடியவில்லை.

வியாழனன்று ஷொக்கே மன்னிப்போடு கொண்டுவந்த
சரியான துண்டுகள் கல்லாவுக்கு அடியில் கிடக்கின்றன.
கையேட்டின் ஏழாம் பக்கத்தை மாற்றினேன்:
கொம்பு தங்கநிறம். கோணல்.
நேராக்க வேண்டாம்.
இது அழுக்கல்ல.

அன்றிரவு கணக்கு வாத்தியார் வந்தார்.
புதிய அட்டையில் எண்களே இல்லை.
விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்,
திருப்பினார், மறுபடி ஓட்டினார்,
தேர்வில் விடை தெரியாத பையனைப்போல் நிமிர்ந்தார்.
குயென் சீட்டில் 47 என்று எழுதினாள்.
டையைத் தோளுக்குப் பின்னால் போட்டபடி
அடுக்களைக்குள்ளிருந்து அப்பா:
"வெங்காயம் வேண்டாம்தானே?"