நாங்கள் வாங்குவது, நாங்கள் விற்பது

பிலவேந்திரனுக்குத் தெரியும்
பெங்களூரில் எந்தத் தெருவில் யூரோ மலிவு என்று.
மே மாதம் முழுக்க அதே பேச்சு.
சாம்பாரில் உப்பு இல்லாததைக் கவனிக்காதவர்
எட்டுப் பைசா ஏறியதைச் சொல்லிவிட்டுத்தான் பல் துலக்குவார்.

ரெசிடென்சி ரோட்டில் தொண்ணூற்று இரண்டு பத்து.
"கமிஷன் கிடையாது சார்" என்றான் பையன்.
"கமிஷன் கேட்காதவன் விலையிலேயே கடித்திருப்பான்"
என்று என் காதில் சொன்னார், கடை முழுக்கக் கேட்க.
பிரிகேட் ரோட்டில் தொண்ணூற்று ஒன்று எண்பது.
மழை. என் செருப்பு வார் அறுந்தது.
ஏர்போர்ட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமே என்றேன்.
நடுரோட்டில் நின்றுவிட்டார் மனுஷன்,
மாதா சுரூபத்தை அடகு வைக்கச் சொன்னதுபோல.

இன்ஃபென்ட்ரி ரோட்டில் மாடிப்படி ஏறினால் ஷெணாய் கடை.
பலகையில் இரண்டு வரிசை, சிவப்பு எண்கள்:
நாங்கள் வாங்குவது. நாங்கள் விற்பது.
"பலகையைப் பார்க்காதே. அது தெருவில் போகிறவனுக்கு."
பிறகு எனக்கு அந்த வித்தையைக் காட்டினார்.
பணத்தை மேஜைமேல் வை.
ஒரு பெருமூச்சு. திரும்ப எடு.
கதவுவரை போ. கைப்பிடியைத் தொடு.
திறக்காதே.

தொண்ணூற்று ஒன்று ஐம்பது என்றார் ஷெணாய், முதுகைப் பார்த்து.

ஆயிரம் யூரோவில் அறுநூறு ரூபாய் மிச்சம்.
ஆட்டோ முந்நூற்று இருபது, காபி எண்பது, செருப்பு தைக்க நாற்பது.
இந்தக் கணக்கை நான் மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.
அவர் ஒன்பது பச்சை நோட்டையும் ஐந்து நீல நோட்டையும்
பைபிளில், எண்ணிக்கை நூலுக்குள் வைத்தார்.

லிஸ்பனுக்குப் பறப்பதற்கு முந்தின இரவு
ஏழு மில்லிமீட்டர் கல்.
கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில்
கீழ்வீட்டு சுபேதா பேகம் கார் சாவியோடு வந்தாள்.
மஞ்சள் டிராம் எங்களை ஏற்றாமல் போனது.
டிக்கெட் பணம் திரும்பாது,
அதற்குப் பலகையே கிடையாது.

நாலாம் நாள், கோல்ஸ் பார்க் பக்கத்து ஆஸ்பத்திரியில்
கையில் ஊசி, கண் மோட்டுவளையில்.
கேட்டதற்கு ம், இல்லாவிட்டால் அதுவும் இல்லை.
கேஷ் கவுண்டரில் இன்னொரு சீட்டு நீட்டினார்கள்.
நான் பைபிளை எடுத்துக்கொண்டு ஷெணாயிடம் போனேன்.

இப்போது நான் மற்ற வரிசையில் நிற்கிறேன்.
நாங்கள் வாங்குவது: தொண்ணூற்று ஒன்று அறுபது.
இதற்குள் யூரோ அவ்வளவு ஏறியிருந்தது.
மேஜைமேல் வைத்தேன். பெருமூச்சு தானாகவே வந்தது.
எடுத்தேன். நடந்தேன். கைப்பிடி சில்லென்றிருந்தது.
"தொண்ணூற்று ரெண்டு, அம்மா."

வாங்கினதைவிட ஐம்பது பைசா கூட.
போகாத பயணத்தில் நாங்கள் லாபம் பார்த்துவிட்டோம்.
எண்ணிக் கொடுக்கும்போது
ஒரு நீல நோட்டு விரலைவிட்டு வரவில்லை.
அதில் ஒரு பாலம், எந்த ஊர்ப் பாலமோ, மேலே ஆள் நடமாட்டம் இல்லை.
தொள்ளாயிரத்து எண்பதுதான் விற்றேன்.
கணக்கில் விழுந்தது தொண்ணூறாயிரத்து நூற்று அறுபது.

"என்ன ரேட்?"
நாலு நாளில் அவராகக் கேட்ட முதல் கேள்வி.
ஐம்பது பைசா லாபம் என்று சொல்லியிருக்கலாம்.
நோட்டையும் காட்டியிருக்கலாம்.
"தொண்ணூறு ரூபாய் பதினாறு பைசா" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தார்.
ஊசிக் குழாய் இழுபட, ஸ்டாண்டு ஆடியது.
"இன்றைக்குப் பக்கத்துக் கடையிலேயே தொண்ணூற்று ரெண்டு கேட்டிருக்கலாம்!
ஒன்று எண்பத்து நாலு விட்டிருக்கிறாய், ஒரு யூரோவுக்கு!
ரசீது எங்கே?"
தொலைந்துவிட்டது.
"ரசீதுமா! கல் இறங்கட்டும், நானே போகிறேன் அந்த ஷெணாயிடம்."
நர்ஸ் ஓடிவந்து தோளை அமுக்கினாள்.
முகத்தில் ரத்தம் ஏறி, பழைய நிறம்.

"கைப்பிடியைத் தொட்டாயா?"
தொட்டேன்.
"திறந்திருப்பாய். அதுதான்."