வானம் தோண்டுதல்

சூரத்திலிருந்து எம்பிராய்டரி மெஷின் வருகிறது.
அறுநூற்று எண்பது கிலோ, பன்னிரண்டு ஊசி.
கீழறையில்தான் வைக்க இடம்.
மாமனார் வாடகைப் பாத்திரம் அடுக்கிய,
எட்டுப் படி இறங்கும் அறை.
வெள்ளையடிப்பு, டைல்ஸ், இரண்டு டியூப்லைட்.
என் கணக்கு அவ்வளவுதான்.

சேர்மக்கனிக் கொத்தனார் டைல்ஸ் பேசவில்லை.
வண்டிச் சாவியால் சுவரைச் சுரண்டினார்.
உப்புப் பூத்த காரை
ரவையாய் உதிர்ந்தது.
ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார், துப்பினார்.
"இது ஆத்து ஓதம் இல்ல, கேட்டியளா.
சோப்புத் தண்ணியாக்கும்."

மூலையில் காலண்டர் மாட்டியிருந்தேன்.
கழற்றி என் கையில் கொடுத்தார்.
பின்னால் இருந்த விரிசலுக்குக் குறுக்கே
மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டில் ஒட்டி
பென்சிலால் தேதி போட்டார்.
"உடையலன்னா பழைய விரிசல், செத்தது.
பூசிட்டுப் போவோம்.
உடஞ்சா உசுரோட இருக்கு."

சிந்துபூந்துறையில் ராத்திரி முழுக்க
ஜங்ஷனில் பெட்டி கோக்கும் சத்தம் கேட்கும்.
கண்ணாடி உடைந்தது மட்டும் கேட்கவில்லை.
பதினாறாம் நாள் காலை
நடுத்துண்டில்
மயிரிழை.

கடைக்கால் குழிக்கு வானம் என்று பெயர்.
"வானம் தோண்டணும்" என்றார்,
தரையைப் பார்த்து.
குண்டுக்கல் வந்தது. சுண்ணாம்பு வந்தது.
அதற்கும் கீழே மணல் இருக்க வேண்டிய இடத்தில்
கையாளின் கை முழங்கைவரை போனது.
வெளியே எடுத்தபோது
வாஷிங் பவுடர் மணந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பிரமுவின் துவைகல்.
என் ஓர்ப்படியாள்.
அவள் துணி அடிக்கிற தாளம் எனக்கு மனப்பாடம்.
குரல்தான் மறந்துவிட்டது.

பாகப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன்.
அண்டா பதினொன்று, தாம்பாளம் நாற்பது,
ஜமுக்காளம் ஆறு, அதில் ஒன்று கிழிசல்,
கிணறு பொது, நடுச்சுவர் பொது.
சுவருக்குக் கீழே என்ன என்று
பத்திரம் எழுதியவர் ஒரு வரி எழுதவில்லை.
பன்னிரண்டாவது அண்டா எங்கே போனது என்பதில்
நின்ற பேச்சு அது.
பதினோரு வருஷம்.

நைட்டியோடு போகக் கூடாதென்று சேலை மாற்றினேன்.
"உங்க பைப்பு ஒழுகுது" என்றால் சண்டை.
வாசலில் நின்று
"நம்ம வீடு இறங்குது" என்றேன்.
பிரமு ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே போனாள்.
குழாயை மூடும் சத்தம் கேட்டது.

ஒன்று விட்டு ஒன்றாகத்தான் தோண்ட வேண்டும்.
"ஒரேயடியா நோண்டுனா வீடு உக்காந்துரும்."
ஒரு குழி, கம்பி, கான்கிரீட்,
ஏழு நாள் ஈரச்சாக்கு.
பிறகு விட்டுவைத்த பக்கத்துக் குழி.
அவள் பக்கமும் பள்ளம்.
டைல்ஸுக்கு வைத்த பணம்
இருபத்தாறு மூட்டையாக மண்ணுக்குள் போயிற்று.
புதுப் பைப்புக்குப் பாதிக் காசு
பிளம்பர் கையில் வந்து சேர்ந்தது, சொல்லாமல்.

நாலாவது குழியில்
இரண்டு பக்கத்து வானமும் ஒன்றானது.
குனிந்து பார்த்தேன்.
அந்த விளிம்பில் பிரமுவின் கால்.
மெட்டி, குதிகாலில் பித்தவெடிப்பு.
என் காலை நைட்டிக்குள் இழுத்துக்கொண்டேன்.

இப்போது சுவருக்கு இரு புறமும் கண்ணாடி,
ஒரே தேதி.
காலையில் பல் தேய்த்தபடி
சுவருக்கு மேலே ஒரு குரல் வரும்.
"ஒடஞ்சிருக்கா?"
"இல்ல."
"இங்கயும் இல்ல."
அண்டாவைப் பற்றி இருவரும் வாயெடுப்பதில்லை.

லாரி சேலம் தாண்டிவிட்டதாம்.
காலண்டரை மறுபடி மாட்டப் போனேன்.
கொத்தனார் ஆணியைப் பிடுங்கிப்
பையில் போட்டுக்கொண்டார்.
"மெஷின் ஓடட்டும், யம்மா.
அப்புறம் பாப்போம்."