பி.யூ.

ஞாயிறு. சாட்ஸ்வர்த் சாஃப்ட்பால் மைதானம்.
முகக்கவசம் மாட்டியதும்
எனக்கு எல்லாரும் எழுத்தும் எண்ணும்தான்.
முதல் பேஸில் நிற்கும் ஆர்-1
எங்களுக்குத் தரவேண்டிய எண்ணூறு ரான்ட்
இப்போது நினைவில் இல்லை.
ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நான், பி.யூ.
எனக்கு முன்னால் குந்தியிருப்பவன் எஃப்-2.
பிடரியில் ஒரு மச்சம்.
யாருடையதோ.

ஏழாவது இன்னிங்ஸ். ஆர்-3 பாய்ந்து வர,
பந்து கைக்கு வருமுன்னே
கால் நீட்டி வழியை மறித்தான் எஃப்-2.
செம்புழுதி.
இடது கை முஷ்டியை நீட்டினேன்:
"அப்ஸ்ட்ரக்‌ஷன்! ரன் உண்டு!"
"மோகாம்பரி!" என்று கத்தினான்,
விதிப்புத்தகத்தில் இல்லாத சொல்லை.

காரில் ஏறியதும் பூபாலன் ஆகிவிட்டான்.
ஹிகின்சன் ஹைவே நெடுக
இண்டிகேட்டர்தான் பேசியது.
கேட்டருகே நிறுத்தி,
கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தபடி கேட்டான்:
"பி.யூ., சாவி எங்கே?"