செவ்வாயை மட்டும்

போர்ட்டோவில், கம்பாங்யா ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு ரொட்டி அடுமனை.
இரவெல்லாம் நின்று வேலை செய்பவர்களின் தூக்கத்தை
அளக்கப் போயிருந்தோம்.

ஒன்பது பக்கப் படிவம்.
அடுப்பு இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி
நான்தான் வாசித்தேன்.
மூன்றாம் பக்கத்திலேயே அடெரிட்டோ
ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு
"எங்கே போடணும்?" என்றார்.
காட்டினேன்.
மூன்று பக்கங்களில் மாவு விரல்தடம்.
மீதி ஆறும் இன்றுவரை வெள்ளை.

மணிக்கட்டில் பட்டை ஏறியதும்
அவர் பெயர் பதினேழு.

எட்டு வாரம்.
பதினேழின் நாடி சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை,
செவ்வாய் தவிர.
செவ்வாய் விடிவதற்கு முன், மூன்று நாற்பதுக்கு
கோடு எழுந்து நிற்கும்.
பதினோரு நிமிடம்.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் படுத்துக்கொள்ளும்.
ஆய்வகத்தில் குதூகலித்தோம்.
பேராசிரியை லூர்திஷ் அதற்கு ஒரு பெயர்கூட வைத்தார்.

நன்றி சொல்லக் கூட்டம் போட்டோம்.
காபி, பலகாரம், திரையில் அந்தக் கோடு.
எண் மட்டும்தான், விதிப்படி.

எல்லாரும் போனபின்
காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.
"அது நான்.
அந்த நேரத்துக்குத்தான் மாவு லாரி வரும்.
ஓட்டி வருபவன் என் தம்பி.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
அவன் இறக்குவான், நான் மூட்டை எண்ணுவேன்.
எனக்குப் படபடக்கும் என்று
என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.
நான் கொடுத்தது தூக்கம்.
இதை எப்போது கொடுத்தேன்?"

ஒப்புதல் வாங்கியிருந்தேன்.
ஒப்புக்கு வாங்கியிருந்தேன்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து
நாலாம் பக்கத்திலிருந்து வாசித்தேன்.
ஐந்தில் இரண்டு முறை நிறுத்தி அர்த்தம் கேட்டார்.
ஒன்றுக்கு எனக்கே தெரியவில்லை.
ஏழில் இருந்தது:
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

யோசித்தார்.
"தூக்கம் இருக்கட்டும்.
செவ்வாயை மட்டும் கொடுத்துடுங்க."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் கையால் எழுதினேன்.
இந்த முறை வாசித்துப் பார்த்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

எட்டு செவ்வாய்களை அழித்தேன்.
சராசரி ஒரு மயிரிழை நகர்ந்தது,
லூர்திஷ் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.
ஆனால் வரைபடத்தில்
அழித்த இடம் அழித்த இடமாகவே தெரிகிறது,
விழுந்த பல்லைப்போல.
பார்ப்பவர்கள் முதலில் கேட்பதே
"செவ்வாய்க்கு என்ன ஆச்சு?"

நேற்று செவ்வாய்.
மூன்று நாற்பதுக்கு விழித்துக்கொண்டேன்.
வெறும் மணிக்கட்டு.
எவ்வளவு துடித்தது என்று
எங்கேயும் பதிவில்லை.