எழுநூற்று எண்பது, ஐநூற்று நாற்பது

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு ஒன்பதே முக்கால்.
நியூ பெட்ஃபோர்டில் ஒரு சலவைக்கடை.
வீட்டில் இணையம் துண்டித்து ஒன்பது நாள் ஆகிறது.
இங்கே நாணயம் போட்டால் இயந்திரம் சுற்றும்,
சுற்றும்வரை வைஃபை இலவசம்.
அப்பாவின் படகு உடுப்புகளை
இரண்டாம் முறை துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

திரையில் கேள்வி:
உங்கள் தேர்வு மதிப்பெண்களை நாங்கள் பார்க்கலாமா?
ஆம். இல்லை.
இரண்டு வட்டங்களும் காலி.

கணிதம் எழுநூற்று எண்பது.
வாசிப்பு ஐநூற்று நாற்பது.
ஒரு கால் மொட்டைமாடியில், ஒரு கால் நிலவறையில்,
நடுவே படிக்கட்டு கட்ட மறந்த வீடு.

"அனுப்பாதே டெல்ஃபினா, பைத்தியமா?"
கெசியாவின் செய்தி.
அவளுக்கு இரண்டும் எழுநூறு,
சமதளத்தில் வசிப்பவள்.
ஆலோசகர் ப்ரூலோட்டுக்கு நானூறு மாணவர்கள்,
என் பங்குக்குப் பதினொரு நிமிடம்.
"கூட்டினால் ஆயிரத்து முந்நூற்று இருபது" என்றார்.
"கூட்டிப் பார்ப்பார்களா, பிரித்துப் பார்ப்பார்களா,
அதுதான் தெரியாது."

அப்பாவிடம் கேட்கவில்லை.
கேட்டால் "பெரியதை மேலே வை" என்பார்.
ராத்தலுக்குப் பத்து நிற்கும் சிப்பிக்கு ஒரு விலை,
இருபது நிற்பதற்கு ஒரு விலை,
கலந்த மூட்டைக்கு
யார் வாங்குகிறாரோ அவர் சொல்வதே விலை.

அந்த ஐநூற்று நாற்பது
எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஆறே வரிப் பத்தி.
ஒருத்தி தங்கையின் கோட்டைத் திருப்பிக் கொடுக்க ரயிலேறுகிறாள்,
இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிடுகிறாள்.
ஏன்?
கோபம், மறதி, மன்னிப்பு, களைப்பு.
நான்கும் சரியாகத்தான் பட்டது எனக்கு.
அவள் நடைமேடையில் நின்ற நேரமெல்லாம்
நானும் நின்றேன்.
திரும்பிப் பார்த்தால்
மீதிப் பன்னிரண்டு கேள்விக்கு நாலு நிமிடம்.

நல்ல கதை.
ஆனால் இரண்டாம் முறை எழுதியபோதும்
ஐநூற்று நாற்பதுதான்.
அன்றைக்குக் கோட்டும் இல்லை, ரயிலும் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம்.
எழுநூற்று எண்பதும்
அதே சோற்றுக்குள் அல்லவா புதைகிறது?
இரட்டையரில் ஒருத்தியை மட்டும்
விருந்துக்குக் கூட்டிப்போக வழியில்லை.
காலியாக விட்டாலோ
அந்த இடத்தில் அவர்களே ஓர் எண்ணை எழுதிக்கொள்வார்கள்.
நானூறு? முந்நூற்று எண்பது?

ஐந்து கல்லூரிகளுக்கு
'இல்லை' என்று அழுத்தினேன், மூச்சுவிடாமல்.

ஆறாவதின் கட்டுரையில்
என் முதல் வரி இப்படி இருந்தது:
"வாசிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்."
ஐநூற்று நாற்பதை அருகில் வைத்தால் அது பொய்.
வைக்காவிட்டால்
எல்லோரும் எழுதுகிற வரி.

'மிகவும்' என்பதை அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.
இயந்திரம் கடைசிச் சுற்றில் குலுங்க ஆரம்பித்தது,
கையில் சில்லறை இல்லை.
'ஆம்' என்ற வட்டம் நிறைந்ததைப் பார்த்தேன்,
'அனுப்பப்பட்டது' என்று வந்ததையும்
பார்த்ததாகத்தான் நினைக்கிறேன்.

வீரமெல்லாம் இல்லை.
ஆறில் ஒன்றுக்குத்தான் வந்தது.

கதவைத் திறந்து ஸ்வெட்டரை முகர்ந்தேன்.
இரண்டு முறை துவைத்தும்
சிப்பி நாற்றம் அப்படியே.
ஈரத்தோடு பையில் திணித்துக்கொண்டு
வெளியே வந்தேன்.
துறைமுகத்தில் யாரோ
பத்தரைக்கே வாணம் விடத் தொடங்கியிருந்தார்கள்.