ஒலிபரப்பாகாத பதினோரு நிமிடம்

இரும்புக் கடைக்கு மேலே மாடி.
ஆணியும் வலைக்கயிறும் மணக்கும் படிகளில்
பள்ளிக்கூடம் கொடுத்த தாளோடு ஏறினேன்.
ஆறு கேள்விகள். ஆறுக்கும் கோடு போட்ட இடம்.
எங்கள் சிலோயே மழைக்கு
வாசலில் நிற்கும் பழக்கம் கிடையாது.
அதுவும் கூடவே வந்து
கால்மிதியில் சொட்டியது.

நிலையம் என்று நான் நினைத்திருந்தது வேறு.
இங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
சுவர் முழுக்க முட்டை அட்டைகள்,
ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டிய ஹெட்போன்.
சூரியகாந்தி விதை கொறித்தபடி நெலிதா.
என் அக்காவோடு கால்பந்து ஆடியவள்.
காலையில் வீடு வீடாய் வரும் அந்தத் தேன் குரல்
இந்தப் பல்லிடுக்கிலிருந்தா?

"முதல் கேள்வி. எத்தனை பேர் கேட்கிறார்கள்?"
"தெரியாது," என்றாள்.
"தப்பாய்ப் படித்தால் தெரியும்."

கோட்டின்மேல் அதை எப்படி எழுதுவது என்று
நான் யோசிக்குமுன்
சீட்டுக்கட்டை என் பக்கம் தள்ளினாள்.
போன் எட்டாத வளைகுடாக்களுக்கான சேதிகள்.
ஒன்றுக்கு ஐந்நூறு பெசோ,
சாவுச் சேதிக்குக் காசில்லை.
"இன்றைக்குச் சாவு எதுவும் இல்லை. நீயே படி."

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

கெனாக் தீவு, ஒதிலியா மன்சில்யா கவனிக்க:
பல் டாக்டர் வியாழக்கிழமை வரவில்லை.
படகேற வேண்டாம்.

மெவுலின் தீவு, ரெமிஹியோ கவனிக்க:
பன்றி விற்றாயிற்று. விலையை நேரில் சொல்கிறேன்.
இப்படிக்கு, மைத்துனன்.

மூன்றாவதில் முகவரியே இல்லை.
காசோடு கதவடியில் கிடந்ததாம்:
சொன்னது சொன்னதுதான்.
யாருக்கென்று அவருக்குத் தெரியும்.

எப்படிப் படித்தேன் தெரியுமா!
பல்லுக்காக வருந்தினேன்.
பன்றிக்கு ஒரு நொடி மௌனம் தந்தேன்.
சொன்னது சொன்னதுதான் என்ற இடத்தில்
குரலைத் தாழ்த்தி,
தூங்கும் குழந்தை உள்ள அறையின் கதவைச் சாத்துவதுபோல்
கடைசிச் சொல்லை வைத்தேன்.
கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் கையிலிருந்து
கரண்டி விழுந்திருக்கும்
என்று சத்தியமாய் நம்பினேன்.

அப்போதுதான் தலை நனைந்து
மெக்கானிக் வந்தார். இடுப்பில் திருப்புளி, வாயில் வசவு.
மலைமேல் கரண்ட் போய்ப் பதினோரு நிமிடமாம்.
கம்பம் சும்மா நின்றிருக்கிறது.
"சிவப்பு விளக்கு எரிந்ததே?"
"அது கீழ்க்கடை கரண்ட்," என்றார்.
"அதற்கு ஒன்றும் தெரியாது."

சிரித்துச் சிரித்து
நெலிதாவுக்கு விதை புரையேறியது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
கட்டை மறுபடி அடுக்கி என் முன் வைத்தாள்.

கடைசிப் படகு ஐந்தரைக்கு.
மணி ஐந்து பத்து.
இரண்டாம் முறை படித்தது குரலல்ல, ஓட்டம்.
பல், படகு, பன்றி, நேரில்,
சொன்னதுசொன்னதுதான் யாருக்கென்றவருக்குத்தெரியும்,
எல்லாம் ஒரே மூச்சில்.
மீதி ஐந்து கேள்விகளும்
பையில் மடங்கியே கிடந்தன.

துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
"ரேடியோவில் நீதானே?
பன்றி என்ன விலைக்குப் போச்சாம்?"
"நேரில் சொல்வாராம்."
"அப்போ குறைச்சலாத்தான் போயிருக்கும்,"
என்று கயிற்றுக்கே திரும்பினார்.

படகில் எதிர்ப் பலகையில் ஒருத்தி,
மடியில் மாவு மூட்டை.
என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
ஏதோ கேட்கப்போகிறாள் என்று
இரண்டு முறை நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
மூட்டையை இடம் மாற்றி அணைத்துக்கொண்டு
தன் துறை வந்ததும் இறங்கிப் போனாள்.

முதல் தடவைக் குரல்
அந்த முட்டை அட்டைக் குழிகளில் இன்னும் கிடக்கலாம்.
நல்ல குரல் அது. கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

வீட்டில் அடுப்பருகே ரேடியோ
விதைக்கிழங்கு விலைக்குப் போயிருந்தது.
அம்மா என் மழைக்கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள்.
எப்படிப் படித்தேன் என்று நான் கேட்குமுன்
"பாவம் ஒதிலியா," என்றாள்.
"பல்வலி என்று ஒருத்தரும் சொல்லலையே."
டப்பாவைத் துழாவி
நாலு கிராம்பைக் காகிதத்தில் மடித்தாள்,
காலைப் படகுக்கு.