உதில

மூன்று பேர், ஒரு ஸ்கூட்டி.
எனக்கு மட்டும் ஹெல்மெட் இல்லை.
பொலிஸைக் கண்டால் நான் இறங்கி நடப்பதென்று ஒப்பந்தம்.

பண்ணைப் பாலத்தில் பின் டயர் படுத்தது.
"ஒட்டுற கடை உதிலதான்" என்றான் மதுஷன்.

ஈப்போவில் எங்களுக்கு
இங்கே உண்டு, அங்கே உண்டு.
இடையில் இப்படி ஒன்று கிடையாது.

உருட்டினோம்.
இரு பக்கமும் முழங்கால் ஆழக் கடல்,
இறால் கூட்டுக் கம்புகள், கம்புக்கொரு கொக்கு.
சாருஜாவின் குடை காற்றில் மறுபக்கம் மடிந்தது.
கோட்டை மதில்
கிட்ட வருவதாகக் காட்டிக்கொண்டு
அங்கேயே நின்றது.

"உதிலன்னா எவ்ளோ தூரம்?"
"கேக்கிற ஆளைப் பொறுத்து."

கடைக்காரர் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி
குமிழி வந்த இடத்தில் பெருவிரலை வைத்தார்.
நாங்கள் நெல்லி கிரஷ் குடித்தோம். உறைப்புக் கச்சானும்.
அம்மா அழைத்தாள்.
"எங்கடி இருக்கே?"
"உதிலதாம்மா."
"எதுல?"
வாய் நிறையக் கச்சான். விளக்க வரவில்லை.

ஐந்துசந்தியில் காக்கிச் சட்டை.
ஒப்பந்தப்படி இறங்கினேன்.
யாரோ ஊர்க்காரி போல
கைப்பையை மாற்றித் தோளில் போட்டு
நடக்கிறேன்.
ஸ்கூட்டியின் சிவப்பு விளக்கு
மூலைக் கடையைத் தாண்டி
நிற்கிறது,
உதில.